ஒரு நிமிடப் படம்

இடம்பெயர்ந்த எங்கள் மக்களைப் படம் பிடித்தவர்கள் பலர். தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால் வாளிகளோடு நின்ற வரிசையைப் பிடித்தார்கள். நிவாரண அரிசிக்கு நீட்டிய கைகளைப் பிடித்தார்கள். கொட்டில் வாசலில் குந்தியிருந்த ஆச்சியைப் பிடித்தார்கள். அந்தப் படங்கள் எங்கே போயின, எவர் பார்த்தார்கள், பார்த்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் படத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. எடுத்த படத்தைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியவர் யாராவது உண்டா என்று நாம் அறிந்த குடும்பங்களிடம் கேட்டுப் பார்த்தோம். "ஓம்" என்றவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

1990களில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை எங்களுடையது. வீடியோ டெக், ரிவி, ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடியவிடியப் படம் பார்த்த நினைவும் பலருக்கு இருக்கும். பார்த்தவை எல்லாம் வேறு யாரோ எடுத்தவை.

இன்று கூரைத் தகரம் ஒழுகும் வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் ஒரு கமரா இருக்கிறது. பிள்ளை அதைக் கையில் எடுத்தால் பெற்றோர் ஏசுகிறார்கள். ஏசுவதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதே கருவியை ஓர் ஆசிரியரின் துணையோடு வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் பிள்ளைகள் தாங்களே படம் எடுக்கலாம். படம் என்றதும் கதாநாயகன், சண்டை, பாட்டு என்று நினைக்க வேண்டாம். நாம் சொல்ல வருவது ஒரேயொரு நிமிடம் ஓடும் படத்தைப் பற்றி.

முதற் படங்களின் நீளம்

பிரான்சின் லியோன் நகரில் புகைப்படத் தகடுகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தது லூமியர் குடும்பம். அக்குடும்பத்தின் ஒகுஸ்த், லூயி என்ற சகோதரர் இருவரின் கருவி ஒரு சிறிய மரப்பெட்டி. கையால் சுழற்ற வேண்டும். அதே பெட்டி படம் எடுக்கும். அதே பெட்டி பிரதி போடும். பின்னால் விளக்கை வைத்தால் அதே பெட்டி திரையிலும் காட்டும். அதற்குள் போகும் படச்சுருள் ஏறக்குறைய 17 மீற்றர். செக்கனுக்கு 16 படம் வீதம் சுழற்றினால் 50 செக்கன் அளவில் சுருள் முடிந்துவிடும். அதற்குமேல் எடுக்க வழி இல்லை. 1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரக் கோப்பிக் கடை ஒன்றின் கீழ்த்தள அறையில் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகக் காட்டினார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். காட்டியது பத்துப் படங்கள்.

அவற்றில் ஒன்றில் தோட்டக்காரர் ஒருவர் குழாய் பிடித்துத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வந்த பொடியன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. என்ன நடந்தது என்று அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்க, பொடியன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர். இன்றும் பிள்ளைகளுக்குக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கமரா தொடக்கம் முதல் முடிவு வரை அசையவே இல்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை.

மற்றொரு படம் லூமியர் தொழிற்சாலையின் கதவு திறந்து தொழிலாளர் வெளியே வருவது. பெண்களே அதிகம். ஒரு நாயும் வருகிறது. இதைக் குறைந்தது மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். சினிமாவின் முதற் படங்களில் ஒன்று, முதலாளி தன்னுடைய தொழிலாளரை எடுத்த படம் என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்வோம். இதற்கு மீண்டும் வருவோம்.

சினிமாவுக்கு நூறு வயது ஆன 1995இல், பாரிஸில் உள்ள பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகம் பாடசாலைகளுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'சினிமா, நூறு ஆண்டு இளமை' என்பது அதன் பெயர். அதில் சேரும் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் ஒரே பொருள் கொடுக்கப்படும்; அதைச் சுற்றியே எல்லோரும் படம் பார்த்து, படம் எடுக்க வேண்டும். பின்னர் ஸ்பெயின், போர்த்துக்கல், பிரேசில் முதலிய நாடுகளின் வகுப்புகளும் சேர்ந்தன. இந்த வழியின் சிந்தனையாளரான அலன் பெர்காலா 2002இல் பாடசாலையில் சினிமா பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வற்புறுத்திய பயிற்சி ஒன்றுக்கு 'லூமியர் நிமிடம்' என்று பெயர். கமராவை ஓரிடத்தில் வை; அசைக்காதே; ஒரு நிமிடம் எடு; வெட்டி ஒட்டாதே. அவ்வளவுதான்.

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் அதற்குள் எத்தனை முடிவு இருக்கிறது என்று தெரியும். எங்கே வைப்பது? எவ்வளவு உயரத்தில்? எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது? எப்போது தொடங்குவது? இந்த நான்கு கேள்விக்கும் மறுமொழியைப் பிள்ளையே சொல்ல வேண்டும், ஆசிரியர் சொல்லக்கூடாது. பரிசளிப்பு விழாவுக்காக ஆசிரியரே கதை எழுதி, ஆசிரியரே கமரா பிடித்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நடிக்க வைத்த படங்களை நாம் கண்டிருக்கிறோம். அவை ஆசிரியரின் படங்கள்.

எங்கள் முதற் பிழை

மாலை வகுப்பு ஒன்றில் இதைத் தொடங்கியபோது, காட்டிக்கொடுப்பதற்காக முதல் நிமிடத்தை நாமே எடுத்தோம். குழாயடியில் பெண்கள் குந்தியிருந்து பாத்திரம் கழுவுகிறார்கள். நாம் நின்றபடி, நெஞ்சு உயரத்தில் தொலைபேசியைப் பிடித்து எடுத்தோம். மறுநாள் அந்தப் பெண்களுக்கே போட்டுக் காட்டினோம். வயதான அம்மா ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட உச்சந்தலையை எல்லோ எடுத்திருக்கிறியள்!"

உண்மைதான். ஆறு உச்சந்தலைகளும் வகிடுகளும். ஒரு முகமும் இல்லை. நிவாரண வரிசையைப் படம் பிடித்தவர்கள் நின்ற அதே உயரத்தில் நாமும் நின்றிருக்கிறோம்.

இந்தியாவில், இன்றைய தெலுங்கானாவில், சகீராபாத் நகருக்கு அருகே பஸ்தாப்பூர் என்ற கிராமம் இருக்கிறது. தக்காண அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் பலர் அப்பகுதியில் 1990களின் பிற்பகுதியில் வீடியோ எடுக்கக் கற்றார்கள். சிறு நிலத்தில் தினையும் சோளமும் துவரையும் விதைப்பவர்கள். பலருக்கு எழுத்து வாசனை இல்லை. கமராவின் கோணங்களுக்குத் திரைப்படக்காரர் வைத்த பெயர்கள் அவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே தாங்களே பெயர் வைத்தார்கள். மேலே இருந்து கீழே பார்த்து எடுத்தால் அது 'பட்டேல்' பார்வை. நிலக்காரர் கூலிக்காரரைப் பார்ப்பது அப்படித்தானே. கீழே இருந்து அண்ணாந்து எடுத்தால் அது அடிமையின் பார்வை. எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது சங்கத்தின் பார்வை. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் நிலத்தில் வட்டமாக இருப்பதுபோல. மரபணு மாற்றிய பருத்தியை 2002இல் விதைத்த வாரங்கல் பகுதிக் கமக்காரரிடம் பருவம் முழுவதும் போய்வந்து, விதைப்பிலிருந்து அறுவடைவரை நடந்ததைப் பதிவுசெய்து படமாக்கியவர்களும் இப்பெண்களே.

லூமியர் தொழிற்சாலைக் கதவையும் எங்கள் குழாயடியையும் நினைத்துக்கொண்டு, இந்த மூன்று பெயர்களையும் கரும்பலகையில் எழுதினோம். அதன் பிறகு பிள்ளைகளுக்கு உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டி இருக்கவில்லை. குந்தியிருப்பவரை எடுக்கத் தாங்களும் குந்தினார்கள்.

செய்யும் முறை

வகுப்பை நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். குழுவுக்கு ஒரு தொலைபேசி போதும். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிமிடம் சொந்தமாக இருக்க வேண்டும். ஒருவர் எடுக்கும்போது மற்றொருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் குறுக்கே வருபவர்களைக் கவனிப்பார். பெண்பிள்ளைகள் நேரம் பார்க்கவும் ஆண்பிள்ளைகள் கமரா பிடிக்கவும் தாமாகவே ஒதுங்குவார்கள். விட்டுவிடக்கூடாது.

தொலைபேசியைக் கிடையாகப் பிடிக்கவும். கையில் பிடித்தால் ஆடும். இரண்டு கல்லுக்கு நடுவே செருகலாம். மணல் நிரப்பிய சிறு பையின் மேல் அழுத்தி வைக்கலாம். எடுக்கும்போது அழைப்பு வந்து குழப்பாதபடி இணைப்பைத் துண்டித்து வைக்கவும். சூரியன் எடுப்பவரின் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் தெளியும். காற்று நேராக வந்து அடித்தால் பேச்சுக் கேளாது, இரைச்சல் மாத்திரமே கேட்கும். ஒரு நிமிட வீடியோ, தரத்தைப் பொறுத்து 60 முதல் 130 மெகாபைற் வரை இடம் பிடிக்கும். இருபது பிள்ளைகள் எடுத்தால் எவ்வளவு என்று அவர்களையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்; இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டி வரும்.

எடுப்பதற்கு முன் பிள்ளை கொப்பியில் இரண்டு வரி எழுதட்டும்: நான் எதை எடுக்கப் போகிறேன், கமராவை எங்கே வைக்கப் போகிறேன். எடுத்த பிறகு, நினைக்காமல் உள்ளே வந்தது எது என்று எழுதட்டும். கோழி குறுக்கே ஓடியிருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ இருமியிருப்பார்கள். இந்த எழுத்து, கட்டுரைப் பாடத்தில் வாங்கும் எழுத்தைவிட நன்றாக இருப்பதைக் கண்டோம்.

தொலைபேசியே இல்லாத வகுப்பும் இருக்கிறது. அங்கே பழைய கொப்பியின் கீழ் மூலையில் படம் கீறலாம். தாளுக்குத் தாள் சிறிது மாற்றி 30 தாளில் ஒரு கிளி பறப்பதையோ மண்வெட்டி உயர்ந்து இறங்குவதையோ கீறிப் பெருவிரலால் விரைவாகத் தட்டினால் அது அசையும். செக்கனுக்கு 10, 12 தாள் போதும். மூன்று செக்கன் படம் கிடைக்கும். இங்கிலாந்தில் ஜோன் லினெற் என்பவர் இதற்கு 1868இலேயே காப்புரிமை எடுத்தார். ஒரு படம் கண்ணில் மறையுமுன் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்வதால் அசைகிறது என்றே நாமெல்லாம் படித்தோம். அது முழு விளக்கம் ஆகாது, சிறு சிறு மாற்றங்களை மூளையே அசைவாக எடுத்துக்கொள்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்ல உதவும்.

காட்டுவதற்கு வெள்ளைச் சேலையும் எறிகருவியும் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஐந்தைந்து பேராகச் சுற்றியிருந்து தொலைபேசியிலேயே பார்க்கலாம். சத்தம் குறைவாக இருந்தால் தொலைபேசியை வெறும் கோப்பைக்குள் நிறுத்துங்கள், சத்தம் கூடும்.

தண்ணீர் வருவதற்கு முன்

முதல் வாரத்தில் பையன்கள் நான்கு பேர் சண்டைக்காட்சிதான் எடுத்தார்கள். தடுக்கவில்லை. கமரா அசையாமல் இருந்தபடியால் சண்டை இருபதாவது செக்கனில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மிச்ச நாற்பது செக்கனும் வெறும் மணல். பார்த்துத் தாங்களே சிரித்துவிட்டு, அடுத்த வாரம் ஒருவன் சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டுவதை எடுத்துக்கொண்டு வந்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் அம்மப்பாவை எடுத்தாள். ஊரில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். இங்கே கொட்டிலின் பின்னால் குழாயடியில் வழிந்தோடும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, நான்கு பாத்தியில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறார். பேத்தி ஒரு வாளியைக் கவிழ்த்துக் கடைசிப் பாத்தியின் முனையில் தொலைபேசியை வைத்தாள். அம்மப்பா மண்வெட்டியோடு வாய்க்கால் வாயைத் திறக்கிறார். நிமிர்ந்து நிற்கிறார். பாத்தியைப் பார்க்கிறார். நிமிடம் முடிந்துவிடுகிறது.

வகுப்பில் எல்லோருக்கும் படம் பிடித்திருந்தது. நாமும் பாராட்டினோம். மாலையில் அவரிடமே கொண்டுபோய்க் காட்டினாள். கிழவர் தொலைபேசியை நீட்டிப் பிடித்து இரண்டு தரம் பார்த்தார்.

"தண்ணி வாறதுக்கு முன்னம் நிப்பாட்டிப் போட்டாய், பிள்ளை."

"ஒரு நிமிசம் முடிஞ்சுது, அம்மப்பா."

"அப்ப பிந்தித் தொடங்கியிருக்க வேணும். தண்ணி எவ்வளவு நேரத்தில வந்து சேருமெண்டு என்னைக் கேட்டனியே?"

அவள் கேட்கவில்லை. நாமும் அவளிடம் அதைக் கேட்கச் சொல்லவில்லை. தண்ணீர் மாறுகிறவனுக்கு மண்வெட்டி திறக்கிற நேரம் முக்கியமில்லை. கடைசிக் கன்றின் அடி நனைகிற நேரம்தான் முக்கியம். அதை அறியாமல் நாம் ஐந்து பெரியவர்கள் அந்தப் படத்தை 'மிக நன்று' என்று சொல்லி அனுப்பியிருந்தோம்.

திருப்பிக் காட்டுதல்

படத்தில் இருப்பவருக்கே முதலில் காட்ட வேண்டும் என்பதற்கு நாம் அறிந்த நல்ல உதாரணம் கனடாவில் இருக்கிறது. நியூபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் போகோ என்ற தீவு. 1960களில் அங்கே 5,000 பேர் அளவில், பத்துச் சிறு ஊர்களில் வாழ்ந்தார்கள். கரையோர மீன்பிடி நலிந்தது. சிறு ஊர்களைக் கைவிட்டுப் பெரிய இடங்களுக்குக் குடிபெயருமாறு அரசாங்கம் மக்களை ஊக்குவித்துக்கொண்டிருந்தது. ஊரை விட்டுப் போவதா, நிற்பதா என்று மக்கள் தடுமாறிய நேரம் அது.

1967இல் கனடிய தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோவும் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டொன் சினோடனும் இணைந்து அங்கே படம் எடுக்கச் செய்தார்கள். நீண்ட படம் ஒன்று எடுக்காமல் இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார்கள். ஒருவர் பேசினால் அவர் பேச்சு அவருடையதாகவே இருக்கும். மற்றவர் பேச்சோடு வெட்டி ஒட்டி வாதமாக்குவதில்லை. தீவின் பிள்ளைகள் விளையாடுவதை மட்டும் காட்டும் படமும் ஒன்று உண்டு. படங்களை முதலில் தீவு மக்களுக்கே ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். நேரே பேசாதவர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர் திரையில் கேட்டார்கள். ஒவ்வோர் ஊரும் தன் குறைதான் தனிக்குறை என்று எண்ணியிருந்தது. அடுத்த ஊருக்கும் அதே குறை என்பது அங்கேதான் தெரிந்தது. பின்னர் படங்கள் அரசாங்கத்தாருக்குப் போயின. மீன்பிடி அமைச்சர் தன் மறுமொழியைக் கமரா முன் சொல்ல, அதுவும் தீவுக்கு வந்தது.

தீவு காலியாகவில்லை. படங்கள்தான் காத்தன என்று சொன்னால் மிகையாகும்; மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பெரிய படகுகள் கட்டினார்கள், அதற்கான முயற்சி படக்காரர் வருமுன்பே தொடங்கியிருந்தது. அந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

வகுப்பறைக்கு இதிலிருந்து நாம் எடுத்த விதி கண்டிப்பானது. எடுக்குமுன் கேட்க வேண்டும். எடுத்தபின் காட்ட வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிட வேண்டும். ஒரு தாய் தன் வீட்டின் உட்பக்கம் தெரிகிறது என்று அழிக்கச் சொன்னார். நல்ல படம், ஆனாலும் அழித்தோம். பிள்ளைகளின் முகம் தெரியும் எதையும் இணையத்தில் போடுவதில்லை. வெளியில் இருந்து வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பிரதி கொடுப்பதில்லை. தொலைபேசி தானாகவே இடத்தைக் குறித்து வைக்கும் வசதியை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். ஒரு படம் யார் கையில் போய் என்ன ஆகும் என்பதை எங்கள் மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நிமிடம்

அந்தப் பிள்ளை மறுநாள் படம் எடுக்கவில்லை. சுவர்மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு போய் அம்மப்பாவோடு பாத்தியடியில் இருந்தாள். வாய்க்கால் வாயைத் திறந்தது முதல் கடைசிக் கன்று நனையும்வரை எவ்வளவு நேரம் என்று எண்ணினாள். அம்மப்பாவின் மதிப்பும் பிழைத்துவிட்டது. "எங்கட செம்மண்ணில எண்டால் நான் சொல்லிப்போடுவன். இந்த மணல் தண்ணியைக் குடிச்சுப்போடுது" என்றார். ஊர்த் தோட்டத்தில் எத்தனை பாத்தி, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், துலா மிதித்த காலத்தில் யார் மிதித்தார்கள், யார் பட்டை பிடித்தார்கள் என்று பேச்சுப் போனது. அவள் அதுவரை கேட்டறியாத பேச்சு. அந்த ஊரை விட்டு வந்தபோது அவளுடைய தாய்க்கே சிறு வயது.

இரண்டு தரம் எண்ணியதில் மூன்று நிமிடமும் நாற்பது செக்கனும் வந்தது. மூன்றாவது நாள், வாயைத் திறந்து மூன்று நிமிடம் போகவிட்டுத் தொடங்கினாள். படத்தில் முதலில் காய்ந்த பாத்தி மாத்திரம் தெரிகிறது. அம்மப்பாவின் கால்கள் ஓரத்தில் நிற்கின்றன. மண்வெட்டி உரசும் சத்தம் கேட்கிறது. நாற்பத்திரண்டாவது செக்கனில் தண்ணீர் ஒரு சருகைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. கன்றின் அடியில் சிறிது தங்குகிறது. பிறகு வாளியை நோக்கி நகர்கிறது.

அன்று மாலை அவரிடம் காட்டியபோது நாமும் கூட இருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "திருப்பிப் போடு" என்றார்.